கடைசி ஆட்டம் முடிந்து 11 நாள், மகன் வாயைத் திறக்கவில்லை

யீஷூன்_அம்மா:

வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மூத்த மகன் இங்கே சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரிக் காற்பந்துக் குழுவில் மையத் தற்காப்பில் ஆடுகிறவன். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை, அவனோடு ஆடும் பிள்ளைகள் யார் கண்ணிலாவது பட்டால் அவனுக்குச் சங்கடம்.

சீசன் என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. உயர்நிலைப் பள்ளி ஓ நிலைத் தேர்வு முடிவு ஜனவரியில் வந்து, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பிப்ரவரியில் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். ஏப்ரலில் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. போன வருடம் முழுக்க இவன் மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இந்த வருடம்தான் முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது. அதற்காக டிசம்பர் விடுமுறையில் தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து யீஷூன் குளத்தைச் சுற்றி ஓடினான். நான் எழுப்பியதே இல்லை.

இவர்கள் பயிற்சி செய்வது செயற்கைப் புல் திடலில். அந்தப் புல்லுக்கு நடுவில் கறுப்பு ரப்பர் துகள் கொட்டியிருக்கிறார்கள், கடுகு மாதிரி இருக்கும். காலுறையை உள்வெளியாகத் திருப்பிக் குளியலறையில் தட்டினால் ஒரு கைப்பிடி விழும். சலவை இயந்திரத்தின் வடிகட்டிப் பையில் கிடக்கும், பாயின் ஓரத்தில் கிடக்கும், ஒரு நாள் என் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளும் கிடந்தது. ஆறு மாதம் இதற்காக அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். நேற்று சோபாவைத் தள்ளிப் பெருக்கியபோது ஒரு பிடி வந்தது. அள்ளிக் குப்பையில் போட மனம் வரவில்லை. அதன் பிறகுதான் இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

பிரிவில் நான்கு கல்லூரிகள். முதல் இரண்டு இடம் பிடிக்கும் குழுக்கள் அடுத்த சுற்றுக்குப் போகும். முதல் ஆட்டத்தில் இவர்கள் 0-4 என்று தோற்றார்கள். இரண்டாவதில் 2-0 வெற்றி. மூன்றாவது ஆட்டத்துக்கு நான் வேலையிடத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க்குழுவுக்கும் இவர்களுக்கும் ஒரே புள்ளி, ஆனால் கோல் வேறுபாட்டில் (போட்ட கோலில் விட்ட கோலைக் கழித்தால் வருவது) அவர்கள் மேலே. அதனால் இவர்கள் வென்றே ஆக வேண்டும்.

இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும், மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. எல்லாரையும் கூரைக்குக் கீழே கூப்பிட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட 50 நிமிடம் காத்திருந்தோம். நடுவில் மழை கொட்டித் தீர்த்தது. திரும்ப ஆட்டம் தொடங்கி, முடிய இன்னும் நான்கைந்து நிமிடம் இருக்கும்போது, பந்து என் மகனிடம் வந்தது. அவன் அதைக் கோல்காவலருக்குத் தட்டிவிட்டான். கோலுக்கு முன்னால் புல் தேய்ந்து சேறாக இருந்த இடத்தில் பந்து அப்படியே நின்றுவிட்டது. எதிர்க்குழுப் பையன் ஓடி வந்து அடித்துவிட்டான். 1-1. அதோடு எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் நான், "சரி, போனது போகட்டும், இனிமேல் படிப்பைப் பார்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றையிலிருந்து "சாப்பிட்டேன்", "தூங்கப் போறேன்" என்பதைத் தவிர என்னிடம் பேச்சில்லை. கல்லூரிக்குப் போகிறான், வருகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். புத்தகத்தைத் திறந்த மாதிரியும் தெரியவில்லை. பூட்ஸ் அன்றைய சேற்றோடு பிளாஸ்டிக் பைக்குள்ளேயே கிடக்கிறது, எடுத்துக் கழுவ எனக்கும் கை வரவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கப்பல் பட்டறையில் இரவு வேலை, அவர் "விடு, தானா சரியாகும்" என்கிறார். ஆனால் 11 நாள் ஆகிவிட்டது.

காற்பந்து ஆடியவர்கள், ஆடும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நான் இப்போது அவனிடம் என்ன பேச வேண்டும்?

செங்காங்_அக்கா:

அம்மா, கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பிரிலிம் என்கிற முன்னோட்டத் தேர்வு ஆகஸ்ட், செப்டம்பரில் வந்துவிடும், அப்புறம் ஏ நிலை இறுதித் தேர்வு. என் மகளுக்கு இப்படித்தான் வலைப்பந்து முடிந்ததும் ஒரு மாதம் போனது, கடைசியில் கணிதத்தில் அதன் விலையைக் கொடுத்தாள். இரக்கப்பட்டு நாள் தள்ளாதீர்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பழைய_ஃபேரர்பார்க்:

தங்கச்சி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

நான் 1968ல் பிறந்தவன். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. ஃபேரர் பார்க்கில் திடலுக்குப் பக்கத்தில் திடலாக இருக்கும், சாயங்காலம் ஆனால் நாங்கள் எல்லாரும் அங்கேதான். 1977ல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தைப் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன், வாசல் வரை ஆள் நின்றார்கள். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம், நம் சிங்கப்பூர்க் குழுவுக்கு எதிரில் பினாங்கு. கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் கோல் போட்டு 3-2 என்று வென்றோம். ஊரே அந்தக் கோலைப் பற்றிப் பேசியது. எனக்குப் பிடித்தவர் சமது அல்லாபிச்சை. குழுவின் தலைவர், உன் மகன் ஆடுகிற அதே மையத் தற்காப்பு. 1975, 1976 இரண்டு வருடமும் நம் குழு இறுதியாட்டம் வரை போய் சிலாங்கூரிடம் தோற்றது. மூன்றாவது வருடம் அதே இடத்துக்குத் திரும்பப் போய்த்தான் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. தற்காப்பு ஆட்டக்காரன் நூறு பந்தைத் தடுத்தால் யாரும் எண்ண மாட்டார்கள், ஒன்றை விட்டால் ஊருக்கே தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

இப்போது என் கதை. 1986, எனக்கு 18 வயது, கல்லூரிக் குழுவில் வலது பக்கத் தற்காப்பு. கடைசி ஆட்டத்தில் பெட்டிக்குள் பந்து என் கையில் பட்டது. பெனால்டி. 0-1. என் நண்பர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அன்றைக்கு என்னைச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தப் பந்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டார். நான் இடது பக்கமிருந்து என்றேன். "நீ எங்க நின்ன?" என்றார். சொன்னேன். "உனக்கு முன்னாடி யாரு நிக்கணும்?" என்றார். அரை மணி நேரம் பேசினோம், அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "கவலைப்படாதே" என்று அவர் சொல்லவே இல்லை.

நீ "போனது போகட்டும்" என்றது தப்பில்லை தங்கச்சி, எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். ஆனால் அவனுக்கு அது இன்னும் போகவில்லையே. அந்தப் பந்தைப் பற்றியே கேள். உனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரி கேள்.

திடல்_ஆசிரியர்:

அக்கா, நான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 15 ஆண்டாகக் காற்பந்துக் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். பெரியவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: "உன் தப்பு இல்லை" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவன் தப்புதான், அது அவனுக்குத் தெரியும். ஈரத் தரையில், கோலுக்கு முன்னால், பந்தைப் பின்னால் தரக் கூடாது, வெளியே அடித்துவிட வேண்டும் என்று 13 வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். பொய்யான ஆறுதல் சொன்னால் உங்களுக்கு ஆட்டம் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவான், அப்புறம் பேசவே மாட்டான்.

ஆனால் அந்தத் தப்பு எதனால் நடந்தது, சீசன் எதனால் முடிந்தது, இவை இரண்டும் வேறு வேறு கேள்வி.

முதலில் மின்னல். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கிறது. ஏப்ரலும் மே மாதமும் இரண்டு பருவமழைக்கு நடுவில் வருகிற காலம். காற்று பலமாக இருக்காது, காலையெல்லாம் தரை சூடேறும், கடற்காற்று உள்ளே வந்து மோதும், பிற்பகலில் இடி மேகம் திரண்டுவிடும். நம் கல்லூரி ஆட்டங்கள் நடப்பதும் அதே மாதங்களில், அதே பிற்பகலில். கேட் ஒன் என்று மின்னல் அபாய எச்சரிக்கையை அறிவித்துவிட்டால் யாரும் திடலில் நிற்கக் கூடாது. ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம், இன்னும் கொஞ்சம் ஆடிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். வியர்வையோடு 50 நிமிடம் சிமென்ட் படியில் உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும். திரும்ப இறங்கும்போது பத்து நிமிடமாவது உடம்பைச் சூடாக்க வேண்டும், சேறான இடங்களைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டும், பந்தை அங்கே உருட்டிப் பார்க்க வேண்டும். அந்த நேரம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மழைக்கு முன்னால் அதே இடத்தில் அதே வேகத்தில் தட்டிய பந்து நன்றாகப் போயிருக்கும். அவன் காலுக்கு அந்தத் திடல்தான் பழக்கம், மாறிய திடல் பழக்கமில்லை. போதாததற்கு இவர்கள் பயிற்சி செய்வது செயற்கைப் புல்லில் என்கிறீர்கள். அங்கே பந்து நிற்கவே நிற்காது.

இரண்டாவது, புள்ளிப் பட்டியல். நீங்கள் எழுதியதை வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் இவர்களுடைய கோல் வேறுபாடு கழித்தல் 2. எதிர்க்குழு எப்படி மேலே இருந்தது? முதல் ஆட்டத்தில் விட்ட நான்கு கோலால்தான். முதல் நாள் 0-1 என்று தோற்றிருந்தால் இவர்களுக்குக் கூட்டல் 1 இருந்திருக்கும். எதிர்க்குழு அதற்குக் கீழே இருந்திருந்தால், கடைசி ஆட்டத்தில் சமநிலையே போதும், அந்தச் சேற்றுக் கோலோடு சேர்த்தே அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கியதும் எல்லாரும் முன்னால் ஏறியிருப்பார்கள், பின்னால் ஆளில்லாமல் மீதி மூன்றும் விழுந்திருக்கும். சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழுக்களில் இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். எல்லாரையும் நிதானப்படுத்திப் பின்னால் நிறுத்துவதற்கு ஒரு குரல் வேண்டும், அது ஒரு சீசன் ஆடி முடித்த பிறகுதான் வரும்.

மூன்று ஆட்டத்தையும் அவனையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அவனுடைய தப்பு அதில் ஒரு வரி, அது இருக்கட்டும், அழிக்க வேண்டாம். மீதி வரிகளும் அவன் கண்ணில் பட வேண்டும்.

செங்காங்_அக்கா சொன்ன படிப்பு விஷயமும் சரிதான். ஆனால் இது முடியாமல் அது ஏறாது என்பது என் அனுபவம்.

ஜேசி_2020:

ஆன்ட்டி, எனக்கு இப்போது 24 வயது. நான் இரண்டாம் ஆண்டில் இருந்தது 2020ல்.

கோவிட் வந்ததும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நிறுத்தினார்கள். ஏப்ரல் 7 சர்க்கிட் பிரேக்கர், அதாவது ஊரடங்கு மாதிரியான முடக்கம். நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜெர்சி வந்துவிட்டது, எனக்கு 5ஆம் எண். பயிற்றுவிப்பாளர் கையில் கொடுத்தபோது "ஆட்டத்தன்று போடுங்க" என்றார். அந்த நாள் வரவேயில்லை. கடைசிப் பயிற்சி எது என்று தெரியாமலேயே கடைசிப் பயிற்சி முடிந்துவிட்டது, பந்துகளை வலையில் போட்டுக் கட்டிவிட்டு "வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனோம். பிரியாவிடை கிடையாது, புகைப்படம் கிடையாது. ஜெர்சி இன்னும் அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. அம்மா அதை ஏழை எளியவர்களுக்குக் கொடுக்கும் பையில் போடப் பார்த்தார், நான் கத்திவிட்டேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் மகன் கொடுத்துவைத்தவன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவனுடைய வலி பெரியது, எனக்கு வந்ததே இல்லாத வலி அது. ஆனால் ஒரு விஷயம் கேளுங்கள்: இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பிரியாவிடைப் பயிற்சி மாதிரி ஏதாவது இன்னும் பாக்கி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். பழையவர்கள் ஒரு பக்கம், புதியவர்கள் ஒரு பக்கம் என்று ஒரு ஆட்டம் ஆடுவார்கள், குழுத் தலைவரின் கைப்பட்டையைக் கை மாற்றுவார்கள். அதற்குப் போகாமல் இருந்துவிடப் போகிறான், நீங்கள் எப்படியாவது போகச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டில் இருக்கும் தற்காப்புப் பையன் ஒருவன் அடுத்த வருடம் அதே சேற்றில் நிற்பான். அவனுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் மகனிடம்தான் இருக்கிறது.

அப்புறம், காற்பந்து இதோடு முடியாது. தேசிய சேவையில் நான் இருந்த பிரிவில் புதன்கிழமை தவறாமல் ஆடினோம். இப்போது பல்கலைக்கழகத்தில் என் விடுதிக் குழுவுக்கு ஆடுகிறேன். பல்கலைக்கழகங்களும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் மோதுகிற ஐவிபி போட்டி இருக்கிறது, அதற்கான தேர்வுக்குப் போய் இரண்டு தடவை கழித்துவிட்டார்கள், இந்த வருடமும் போவேன்.

நானும் யீஷூன்தான். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு நண்பர்களோடு அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் தெருக்காற்பந்துத் திடலில் ஆடுவேன். ஆள் எப்போதும் ஒன்று குறைகிறது. வரச் சொல்லுங்கள். எந்தத் திடல் என்று தனியாக எழுதுகிறேன். பூட்ஸ் வேண்டாம், சிமென்ட் தரை, சாதாரணக் காலணி போதும்.

யீஷூன்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள், வேலை மாற்று நேரத்தில் போட்டுவிட்டார்கள்.

அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, அவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அந்தப் பந்து உன்கிட்ட எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. போய்விடுவான் என்று நினைத்தேன். அப்புறம், "வலது பக்கம்மா. உனக்குத் தெரியலையா?" என்றான். நான் தெரியவில்லை என்றேன். அது உண்மை. அந்த நேரம் நான் மேலே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்ப எச்சரிக்கைச் சங்கு ஊதிவிடக் கூடாதே என்று.

மின்கட்டணக் கடித உறையைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் வரைந்தான். கோல் கம்பம், பெட்டி, ஆட்டக்காரர்களுக்குச் சின்னச் சின்ன வட்டம். சேறு இருந்த இடத்தில் பேனாவால் கிறுக்கிக் கறுப்பாக்கினான். தனக்கு 4 என்று எழுதினான். "இங்கே ஒருத்தன் ஓடி வர்றது எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் குடுத்தேன். போயிடும்னு நெனச்சேன்" என்றான். அப்போதுதான் அழுதான். அவ்வளவு பெரிய பையன், குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு அழுதான். நானும் அழுதேன், வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் வெங்காயம் இல்லை.

ஆசிரியர் தம்பி, "உன் தப்பு இல்லை" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கணக்கை மட்டும் சொன்னேன்: முதல் ஆட்டத்தில் 0-1 என்றிருந்தால் என்று. அவன் நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா சொன்னா?" என்றான். தெரிந்த ஒரு ஆசிரியர் என்றேன். எதிர்க்குழு அதுவரை விட்ட கோலும் போட்ட கோலும் சமம், பூச்சியம் என்று அவனே விரல் விட்டு எண்ணினான். அப்புறம் முதல் ஆட்டத்தின் நான்கு கோலையும் இன்னொரு உறையில் வரைய ஆரம்பித்தான். மூன்றாவது கோலின்போது தான் எதிர்க்கோலுக்குப் பக்கத்தில் நின்றிருந்ததாகச் சொன்னான். தற்காப்பு ஆட்டக்காரன் அங்கே என்ன செய்தான் என்று கேட்டேன். "அதான் தெரியலம்மா" என்றான். மணி ஒன்றரை ஆகிவிட்டது.

மறுநாள் கணிதப் புத்தகம் மேசையில் திறந்திருந்தது. படித்தானா தெரியவில்லை, செங்காங் அக்கா. வகுப்பாசிரியருக்கு எழுதிவிட்டேன்.

ஜேசி தம்பி, பிரியாவிடை ஆட்டம் வரும் வியாழக்கிழமையாம். போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பூட்ஸ் அந்தப் பையில் இல்லை. தாழ்வாரத்தில் குழாயடியில் உட்கார்ந்து பழைய பல் துலக்கியால் ஆணிகளுக்கு நடுவில் இருக்கும் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காய்ந்து கல்லாகிவிட்டது, லேசில் வரவில்லை. வெந்நீர் ஊற்று என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். "அந்த அண்ணன் எந்த பொசிஷன்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை தம்பி, 5ஆம் எண் என்று மட்டும் சொன்னேன். நீங்களே எழுதுங்கள், அவனிடம் காட்டுகிறேன்.